திட்டுவதற்கு ஒரு வாசல்

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில்தான் அவரிடம் முதலில் பேசினேன். தான் வேலை பார்க்கும் சேதராப்பட்டு கம்பெனியின் நீலநிற மேல்கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா அவர். தெருவில் சாக்கடை அடைத்து, என் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாவது மனுவோடு நான் போயிருந்தேன்.

அவர் வந்தது வேட்புமனுவுக்கு வீட்டு வரி ரசீது வாங்க. பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து பல வருடங்கள் ஆகின்றன. அறிவிப்பு வரும், பின்னாலேயே வழக்கு வரும், நின்றுபோகும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் அவர் புதிதாகச் சான்றிதழ்கள் வாங்கிவிடுவாராம். பிளாஸ்டிக் பையில் பழையவை ஒரு கட்டு இருந்தன.

"நீங்க மெம்பரானா சாக்கடை ஓடிடுமாக்கா?"

"எங்க ஓடப்போவுது! இப்ப யார் வூட்டு வாசல்ல போய் திட்டுவ, சொல்லு? அதுக்காச்சும் ஒரு ஆள் வேணாமா? என்னை வந்து திட்டுங்க." சிரித்தார். "என்னை முன்மொழிஞ்சு கையெழுத்து போடுறியாம்மா?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க்கா."

"கேளு, கேளு. அதுக்குள்ள எலெக்‌ஷன் நின்னுடும்."

நின்றுதான் போனது. பதில் சொல்லாமல் தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சாக்கடை இன்னும் ஓடவில்லை. தெருவில் பார்த்தால் அவர் சிரிக்கிறார். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்கிறேன்.

வீட்டில் நான் கேட்கவே இல்லை.