நான் பார்க்காத வெளிச்சம்

அப்பா இறந்த வருடம் எனக்கு நாற்பத்தேழு வயது. ஆவடிப் பக்கம் சொந்தமாக ஒரு ஃபிளாட், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர் வேலை. வெளியே குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய காரியங்கள் முடிந்த பிறகு, இத்தனை நாள் எதற்காக ஓடினோம் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. புத்தகங்கள் படித்தேன். பெரிய மண்டபங்களில் நடந்த தியான வகுப்புகளுக்குப் போனேன். ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு ஞானிகளைப் பற்றிய வீடியோக்களாகக் கேட்டேன். எனக்குள் எதுவும் விழிக்கவில்லை. கூட உட்கார்ந்து, நான் எங்கே தவறுகிறேன் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் சமைக்க வரும் அம்மாதான் வழி காட்டினார். "வெள்ளானூர்ல ஒரு அக்கா கீது சார். ஞாயித்துக்கெழம காலைல எல்லாரயும் உக்கார வெக்கும். போய்ப் பாருங்களேன்."

போனேன். அந்த அக்கா என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். திருமழிசையில் ஒரு கம்பெனியில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. அவர் கையில் பசை நாடா அறுத்த தழும்புகளைப் பார்த்ததும், இவரா என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மாடியில் கூரைக்கு ஷீட் போட்ட ஓர் அறை. ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மூச்சைக் கவனிப்போம். பிறகு அக்கா ஒவ்வொருவரிடமும் "இன்னா ஆச்சு?" என்று கேட்பார். சொல்வதைக் கேட்டு ஓரிரு வார்த்தையில் திருத்துவார். ஒரு பெண்ணிடம், "நீ மூச்ச பாக்கல, இழுத்துகினு கீற. விட்டுடு, அதுவா வரும்" என்றார். அடுத்த வாரமே அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. அவர் தேர்ந்தவர் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் அப்போதே வந்தது.

மூன்றாவது வாரம் என் முறை வந்தது. அந்த ஒரு மணி நேரமும் அலுவலகத்தில் என்னை மடக்கிப் பேசிய ஒருவனுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. ஆனால், "புருவ மத்தியில நீலமா ஒரு வெளிச்சம் வந்துச்சுக்கா. உடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றேன். ஏதோ வீடியோவில் கேட்டது. பாயில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் அந்த வெளிச்சத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் எங்களோடு உட்காருவார். குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் கீழே செருப்பு மாட்டும்போது என் அருகே வந்தார்.

"சார், எனக்கு ஒண்ணியும் தெர்ல சார். கண்ண மூடுனா ஒரே இருட்டு. நான் இன்னா தப்பு பண்றேன்?"

அவ்வளவு மரியாதையாக அலுவலகத்தில்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் யோசிக்கவேயில்லை. "மனசு சுத்தமாகணும். பழைய பாவமெல்லாம் கழியணும். அதுக்கப்புறம்தான் தெரியும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் வாரம் எல்லோரும் இறங்கிய பிறகு அக்கா என்னை நிறுத்தினார்.

"அந்த ஆட்டோக்காரரப் போய்ப் பாத்தேன் சார். 'எனக்கெல்லாம் இது வராதுக்கா, நான் பண்ண பாவம் அப்டி'ன்றாரு. நல்லா உக்காந்துகினு இருந்தவரு. யாரு இந்த மாதிரி சொல்லி இருப்பாங்க?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சம் எதுவும் வரவில்லை, ஒருநாள்கூட வரவில்லை என்றேன்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று மனதின் ஓரத்தில் நம்பியிருந்தேன். மன்னித்துச் சிரிப்பார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"நான் நம்புனேன் சார். எனக்கு அந்த மாதிரி எதுவும் வந்ததே இல்ல. பன்னெண்டு வருசமா உக்காந்துகினு கீறேன், மூச்சு மட்டும்தான். நீங்க சொன்னதக் கேட்டு, நான்தான் தப்பா கத்துக் குடுக்கறனோன்னு தெனமும் ரோசன. உங்கள வேற யாருகிட்டயாவது அனுப்பலாமான்னு விசாரிச்சிகினு இருந்தேன்."

அக்கா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொன்னத என்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட நான் போயி சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அன்றே போயிருக்க வேண்டும். நான்கு நாள் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை காலை அலுவலகம் போவதற்கு முன் எதிர்ப்பக்கம் ரயிலேறி நெமிலிச்சேரியில் இறங்கினேன். அவர் ஸ்டேஷன் வாசலில் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், எங்க போணும்?" என்றார்.

சொன்னேன். பக்கத்து ஆட்டோக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் துடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"வெளிச்சம் பொய்யா?"

"பொய்தான்."

"பாவம் கழியணும்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் என் வாயில வந்ததுதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒரு மாசமா பொண்டாட்டி மூஞ்சியக் கூட பாக்க முடியல சார். நான் அவ்ளோ கெட்டவன்னு நெனச்சிகினு கீறேன். நீங்க படிச்சவரு. உங்க வாயில வந்தா அது நெசம்னுதான் தோணும்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அதற்குள் ஒரு குடும்பம் பையோடு வந்து நின்றது. அவர் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் மாடிக்கு வந்தார். என்னை விட்டுத் தள்ளி, சன்னலோரம் உட்கார்ந்தார். இன்றுவரை அங்கேதான் உட்காருகிறார். அக்காவிடம் பேசுவார், மற்றவர்களோடு சிரிப்பார். என்னிடம் பேசுவதில்லை. அக்கா மட்டும் எப்போதும் போலத் திருத்துகிறார். போன மாதம், "சார், நீங்க வெக்கப்பட்டுகினே உக்காந்துகினு கீறீங்க. சரி, அதயும் பாருங்க" என்றார். பார்க்கிறேன். இன்னும் குறையவில்லை.