ஈரப் பஞ்சும் எதிரணியும்

கைபேசியில் தியானம் கற்பித்த குரலோடு நான் காலைதோறும் வாதாடினேன். எண்ணங்களை வந்தபடியே போகவிடுங்கள் என்று அது சொல்லும். போகாமல் நின்றால் யார் பொறுப்பு என்று கண்ணை மூடியபடியே மறுப்பேன்.

விவாதப் போட்டி மேடையிலும் அதே கதைதான். எதிரணியினர் பேசி முடிக்குமுன் என் பதில் மனத்துக்குள் முழங்கத் தொடங்கிவிடும். அவர்கள் சொன்னதில் பாதி காதில் ஏறாது. கல்லூரிகளுக்கிடையிலான இறுதிச் சுற்று நெருங்கியது. கேட்காமல் பேசினால் கோப்பையை மறந்துவிடு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

விருத்தாசலத்தில் என் அக்கா பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துகிறாள். கிறிஸ்துமஸ் குடில்களுக்கான ஆடுகள் அச்சிலிருந்து வந்து குவிந்திருந்தன. சூளைக்குப் போகுமுன், அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் பொம்மைமேல் விழும் கோட்டினை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். "கண்ண மூடிகிட்டு சண்ட போடறதுக்கு, இங்க வந்து ஒக்காருடி" என்றாள்.

மனத்துக்குள் முழங்கியபடியே முதல் ஆட்டைத் துடைத்தேன். அதன் காது கையோடு வந்துவிட்டது.

"அது உன்ன என்னாடி பேசிச்சு, பாவம்?"

அவளைப் பார்த்தேன். வியாபாரி ஒருவர் அப்போதுதான் தொலைபேசியில் அவளிடம் கத்தி ஓய்ந்திருந்தார். அவளோ தட்டின் முன் அமர்ந்து, ஒரு கோடு மறைந்த பின்பே அடுத்த ஆட்டை எடுத்தாள். நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. எந்த அரங்கிலும் அத்தகைய நிதானத்தை நான் கண்டதில்லை. மாலைதோறும் அவளருகே அமர்ந்தேன். காதுகள் தப்பின, கையிலிருக்கும் ஆட்டைத் தவிர வேறெதுவும் நினைவில்லாத பொழுதுகளும் வந்தன.

இறுதிச் சுற்றின் தலைப்பு, மனிதனை உயர்த்துவது வேகமா, நிதானமா என்பது. குலுக்கலில் எனக்கு வேகம் வாய்த்தது. எதிரணி மாணவன் என்னைச் சீண்டியபோதும் கடைசிச் சொல்வரை கேட்டேன். நடுவே, ஆபத்தில் மட்டும் வேகம் வேண்டும் என்று போகிறபோக்கில் ஒப்புக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் என் மறுமொழியைக் கட்டினேன். கோப்பை என் கைக்கு வந்தது.

அன்று மாலை அவன் வாதம் முழுவதையும் அக்காவிடம் வரி தவறாமல் ஒப்பித்தேன். பெருமையோடு முடித்து, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அந்தப் புள்ள சொன்னதுதான்டி நியாயமா இருக்குது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.