தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன்

எனக்கு எப்போதும் வாய்தான் முந்திக்கொள்ளும். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு நான்தான் இன்சார்ஜ். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பாடம் எடுக்கிற வேலையும் என் தலையில்தான்.

பேக்டரியிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிற்று வலி. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து நேரத்துக்குச் சாப்பிடாதவர்கள். வெறும் கேஸ், வாயுக்கோளாறு என்று ஓர் ஊசி போட்டால் ஷிப்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் யூனிபார்மோடு வயிற்று வலி என்று வந்த ஒரு தூத்துக்குடிக்காரனையும் அப்படித்தான் நினைத்தேன். கூடவே அவனுடைய சூப்பர்வைசர். குடிப்பாயா என்று கேட்டேன். சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுக்கா" என்றான். மேலாளை வைத்துக்கொண்டு யார்தான் ஆமாம் என்பார்கள்? அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சேர்ந்து ஒரு வாரமே ஆன காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தியை அவனோடு விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். கட்டில் என்ன அழகு பார்க்கவா போட்டிருக்கிறது, படுக்க வை என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

"சிஸ்டர், படுத்தா முதுவு வரைக்கும் இழுக்குதாம். குனிஞ்சினு இருந்தாதான் கொஞ்சம் தாங்குதுன்றாரு."

வந்து ஒரு வாரம், அதற்குள் எனக்கே பாடமா என்று பற்றிக்கொண்டு வந்தது. நானே அவன் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். டாக்டரிடமும் கேஸ்தான் என்றேன். என் அனுபவத்தை நம்பி அவரும் ஊசியை எழுதி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அறைத்தோழர்கள் அவனை ஷேர் ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாரக் கடைசியில் நிறையக் குடித்திருந்தானாம். கணையம் அழன்றுபோயிருந்தது. சென்னைக்கு அனுப்பினோம். நாலாம் நாள் செத்துப்போனான்.

அடுத்த மாதம் புதுப் பெண்களுக்குக் கணைய அழற்சி பாடம். அந்தக் காஞ்சிபுரத்துப் பெண்ணும் கடைசி வரிசையில் இருந்தாள். வலி முதுகுக்குப் போகும், படுத்தால் கூடும், குனிந்தால் குறையும் என்று சொல்லிக்கொண்டே வந்த நான், "போன மாசம் இங்க ஒரு நர்ஸ் இது தெரியாம பேஷண்டைப் படுக்க வெச்சா" என்றேன்.

அன்றைக்கு அவனோடு யார் இருந்தது என்று ஆஸ்பத்திரிக்கே தெரியும். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அது நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பலகைப் பக்கம் திரும்பி அடுத்த வரியை எழுதினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு அதையும் நோட்டில் எழுதினாள்.