ரஞ்சிதா ஏற்றிய குட்டி எக்ஸ்

கடப்பாக்கத்து மீனவர் தகவல் மையத்தில் ரஞ்சிதா வேலைக்குச் சேர்ந்தது 2006-ல். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த கையோடு வந்தவள். மையத்தில் இருந்ததோ யாரோ கழித்துக் கட்டிய ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். மெமரி முப்பத்திரண்டு எம்பி.

தினம் சாயங்காலம் மறுநாளைய அலை உயரம் போன் லைன் வழியாக வரும். எண்ணாக மைக்கில் வாசித்தால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வண்ணப்படமாகப் பார்த்தால் நம்புவார்கள். ஆனால் படத்தைத் திறந்தாலே மெஷின் அப்படியே நின்றுவிடும்.

“இது தொறக்கறதுக்குள்ள நாங்க கடலுக்குப் போயி திரும்பிடுவோம்,” என்பான் அவளுடைய அண்ணன் அரசு.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மெஷின் எங்கே திணறுகிறது என்று துருவிப் பார்த்தாள். திரையில் படம் வரைந்து காட்டுகிற எக்ஸ் சர்வர் என்ற நிரலே மெமரியில் பெரும்பங்கைத் தின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த ஒரு சிடியில், அதே வேலையை ஓரிரு எம்பியில் முடிக்கிற குட்டி எக்ஸ் சர்வர் இருந்தது. அதை ஏற்றினாள்.

முதல் நாள் திரை கறுப்பாகவே நின்றது. இரண்டாம் நாள் படம் வந்தது; ஆனால் நிறங்கள் போதாமல், ஆபத்தைக் காட்டும் சிவப்பும் அதற்கடுத்த மஞ்சளும் ஒரே காவியாகக் கலங்கிக் கிடந்தன. இதைக் காட்டுவதைவிடக் காட்டாமலே இருக்கலாம் என்று மூடிவிட்டாள். மூன்றாம் நாள் திரையளவைக் குறைத்து நிறங்களைக் கூட்டியதும் எல்லாம் பளிச்சென்று பிரிந்தன. கரையோரம் முழுக்கச் சிவப்பு.

அரசு திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். “இன்னா இது, நம்ம கரையா?”

“ஆமாண்ணா. நாளைக்கு மத்தியானம் மூணு மீட்டர்.”

“மிஷினு தப்பா காட்டலியே?”

“நேத்து தப்பா காட்டுச்சு. அதான் உங்கிட்ட சொல்லல. இன்னிக்கு சரியா கீது.”

அவன் மற்ற மீனவர்களைக் கூப்பிடப் போனான்.

விடிந்தபோது கடல் தட்டையாகத்தான் கிடந்தது. கடலுக்குப் போகாமல் ஒருநாள் மீன்பாடு போச்சே என்று சிலர் முணுமுணுத்தார்கள். ரஞ்சிதா திரையை விட்டு எழவில்லை. மத்தியானம் காற்று திரும்பி, மழையும் பிடித்துக்கொண்டது. அலை மணல்மேடுவரை ஏறி வந்து அறைந்தது. படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடலில் ஒருத்தரும் இல்லை.

மழையில் நனைந்தபடி அரசு மையத்து வாசலுக்கு வந்தான். “சாப்ட்டியா?” என்றான்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நீட்டிய பொட்டலத்தைப் பிரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள்.