மூத்த மருமகளின் விரல்

அன்று மாலை சீரியல் தொடங்கியபோது என் படிப்பு இருந்தது. முதல் விளம்பரம் வருவதற்குள் போய்விட்டது.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டப் போகும் முதல் ஆள் நான். மறுநாள் மாரியூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சாயல்குடிப் பள்ளியில் சேர வேண்டும். அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா கூலிக்குப் போகும் விசைப்படகு பழுதாகிக் கரையில் கிடந்ததால், அவரும் எங்களோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தொடரில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் பட்டுச்சேலை கட்டி, குனிந்த தலை நிமிராமல் சமைப்பாள். படித்த இளையவள் பேண்ட் சட்டை போட்டு ஆபீஸ் போவாள், ஆகவே கெட்டவள். அன்று அவள் மாமனாரை எதிர்த்துப் பேச, புருஷன் அறைந்தான். ஒரே அறையை மூன்று பக்கமிருந்து காட்டினார்கள்.

"குடுக்க வேண்டியதுதான். படிச்ச கழுதை பேசுற பேச்சப் பாத்தியா?" என்ற அய்யா என் பக்கம் திரும்பினார். "நாளைக்குச் சாயல்குடிக்கு எந்தப் பொட்டப்புள்ளையும் போக வேணாம்."

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். கொடியில் காய்ந்த சட்டையோடு வந்தாள். அது அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டை. அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் அவள் கடலில் முங்கிப் பாறையில் கடற்பாசி பறிப்பாள். அந்த மாதம் எங்கள் உலை கொதித்தது அந்தப் பாசியை விற்ற காசில்தான். சட்டையை அய்யாவின் மடியில் போட்டாள்.

"நாளைக்கு இத மாட்டிக்கிட்டு நீங்க பாசிக்குப் போங்க. நான் மூத்த மருமக மாதிரி வீட்ல இருக்கேன். சட்டை போட்டவதான் கெட்டவளாச்சே."

நான் அய்யாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் விழுந்த அறை அந்தக் கைக்கும் பழக்கம்தான். கை எழுந்தது. உள்பக்கம் வெளியாகக் கிடந்த சட்டையைத் திருப்பி, உதறி, ஆணியில் மாட்டியது.

"காலையில பஸ்ஸு எப்ப?" என்று அய்யா டிவியிடம் கேட்டார்.

விளம்பரம் முடிந்தது. காய் நறுக்கிய மூத்தவளின் விரலில் கத்தி பட்டுவிட, மாமியார் மருந்தோடும் கொழுந்தன் பஞ்சோடும் ஓடிவந்தார்கள்.

அய்யா முன்னால் கலங்காத அம்மா அப்போது அழுதாள். பாறை கிழித்த விரல்களில் சுற்றியிருந்த கந்தல் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கீறலுக்கு எத்தன பேரு ஓடியாராக" என்றாள்.

படித்த பிள்ளையல்லவா, நான்தான் அவளைத் தேற்றினேன்.

"அழுவாதம்மா. அது நெச ரத்தம் இல்ல, சாயம்."