ஓட்டோடு இடித்த முட்டை

எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பரப்பியவள் நான்தான். அருமனையிலிருந்து நாகர்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள், வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தையும் உண்டு. போதாதா?

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்குச் சில வருஷம் முந்தி அது. எங்கள் சபையின் பெண்கள் பள்ளியில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்பவர், இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார மதாம்மா. அந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு உயிரே போய்விடும் போல இருந்தது. மாமியாரோடு நாள் முழுக்க ஒரே அடுக்களையில் நிற்பதென்றால் சும்மாவா? மாமிக்கு என்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. என் அருமனைப் பக்கத்து மேற்கத்திப் பேச்சும் நான் வைக்கும் குழம்பும்தான் அவருக்கு ஆகாது.

கிறிஸ்மஸ் நெருங்கியபோது, பெண்கள் கூட்டத்தில் மதாம்மா கேக் செய்யும் விதம் சொல்லப் போகிறார், அவருக்குத் தமிழ் இன்னும் வரவில்லை, யாராவது மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். நான் எழுந்த வேகத்தில் பெஞ்சே சாய்ந்தது.

மதாம்மா எடுத்த எடுப்பிலேயே 'பவுண்ட்' என்றார். இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடைக்கு நாங்கள் ராத்தல் என்போம். பவுன் என்றால் கழுத்தில் கிடக்கும் தங்கம். 'பவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோ பாடப்புத்தகத்தில் வினைச்சொல்லாக மட்டும் எனக்கு அறிமுகம்: விடாமல் அடி, இடி, குத்து, நொறுக்கு. அலை பாறையைப் பவுண்ட் செய்கிறது. பயந்தவன் நெஞ்சு பவுண்ட் செய்கிறது. சும்மா ஒரு தட்டுத் தட்டினால் பவுண்ட் ஆகாது, ஓயாமல் விழ வேண்டும் என்று வகுப்பில் எழுந்து விளக்கம் வேறு சொன்னவள் நான். அதே சொல்லுக்கு ராத்தல் என்றும் பொருள் உண்டென்று என் புத்தகம் சொல்லவில்லை. அல்லது, சொன்ன அன்றைக்கு நான் பள்ளிக்குப் போகவில்லை.

மதாம்மா பேசுவதில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். பவுண்ட், மாவு என்ற இரண்டு மட்டும் என் காதில் விழுந்தன.

"மாவை நல்லா இடிக்கணும்" என்றேன்.

"கடையில பொடிச்சதுதானேட்டி தாறான்? பெறவு எதுக்கு இடிக்க?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"அது அவங்க ஊர் வழக்கம்."

அடுத்தது சர்க்கரை. இடிக்கணும். யாரும் மறுக்கவில்லை. அதற்கடுத்தது வெண்ணெய். அதையும் இடிக்கணும் என்றதும் கூட்டத்தில் சலசலப்பு.

"உலக்கையில ஒட்டிக்கிடாதா?"

"ஒட்டும். வழிச்சுப் போட்டுக்கிடணும்" என்றேன், சொந்தமாக.

பிறகு மதாம்மா முட்டை என்றார், பவுண்ட் என்றார், ஓட்டோடு என்றார். ஓட்டுக்கு ஆங்கிலம் எனக்கு நன்றாகவே தெரியும்.

"முட்டையை ஓட்டோட இடிக்கணும்."

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நெடுநேரம் அடிக்க வேண்டும் என்று மதாம்மா முடித்தபோது, "இம்புட்டு இடிச்ச பெறவு அடி வேறயா? கேக்கு பாவம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அளவு என்ன என்று கேட்டவளிடம், மதாம்மா அளவே சொல்லவில்லை, கைக்கணக்குதான் என்றேன். மதாம்மாவோ அதுவரை அளவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாமி மட்டும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எங்க மருமவ! தஸ்ஸு புஸ்ஸுன்னு என்னமா பேசுகா, பாத்தியளா?"

கிறிஸ்மஸ் அன்று மதாம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை விஷயமாக என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும். மாமி காலையிலேயே எல்லாவற்றையும் உரலில் இடித்து, சட்டிக்குக் கீழும் மேலும் கங்கு போட்டுக் கேக்கை வேகவைத்திருந்தார். உரலுக்குள் முட்டை ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டபோதே எங்கோ உதைக்கிறதே என்று தோன்றியது. ஆனால் படித்தவள் போய் யாரிடமாவது சந்தேகம் கேட்கலாமா?

மதாம்மா ஒரு துண்டைக் கடித்தார். நறுக்கென்றது. வாயிலிருந்து ஓட்டுச்சில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முட்டையை ஓட்டோடு நிறுக்கத்தானே சொன்னேன் என்று, என் மரமண்டைக்கும் புரியும்படி, தராசு பிடிப்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். ராத்தல்! கடவுளே, ராத்தல்! என் நெஞ்சு அப்போது பவுண்ட் செய்தது. அந்த வினைச்சொல்லை மட்டும் நான் சரியாகத்தான் படித்திருந்தேன்.

பிறகு, ஓட்டை யார் போடச் சொன்னது என்று கேட்டார்.

"என்னட்டி கேக்காவ?" என்றார் மாமி.

"முட்டை ஓட்ட யாரு போடச் சொன்னதுன்னு கேக்காவ, மாமி."

மாமி என் முகத்தைப் பார்த்தார். மருமகள் சொன்ன கேக் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தவர். என்னைக் கைகாட்டினால் போதும், என் வேலை அன்றோடு தீர்ந்தது.

"எனக்குக் காது கேக்காது, நீ சொன்னது சரியா விழலன்னு சொல்லு."

மாமிக்கா காது கேட்காது? நாலு வீடு தள்ளித் தேங்காய் விழுந்தால், அது யார் வீட்டு மரம் என்று சொல்லிவிடுவார்.

"சொல்லுட்டி, சவமே! இல்ல, இதையும் இடிக்கப் போறியா?"

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான். அதுவும் பொய்.

வேலை கிடைத்தது. மதாம்மாவுக்கு மாமிமேல் பெரிய இரக்கம் வந்துவிட்டது. சபையில் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, அரைகுறைத் தமிழில், காதருகே கத்துவார். மாமி கையைக் காதில் குவித்துக்கொண்டு "ஆங்?" என்பார். "போதும் மாமி, இப்பம் என் வேலை நிரந்தரமாயிட்டு" என்று ஒருநாள் சொன்னேன். "ஒனக்கு என்ன தெரியும்? சும்மா கெட" என்றார். மதாம்மா கப்பலேறும் நாள்வரை அவர் முன்னால் என் மாமி செவிடாகவே இருந்தார்.