ஒரு மணி நேரத்துக்கு முந்தைய பச்சை

தொண்ணூறுகளின் கடைசி. பொறியியல் படித்துக்கொண்டிருந்த நான், ஏரல் ஆற்றங்கரையில் ஒரு ஒயர்லெஸ் கருவி வைத்தேன். அது நீர்மட்டத்தை அளந்து, வாழைத்தோட்டக்கார அண்ணாச்சியின் மோட்டார் அறைக்குச் சேதி அனுப்பும். பயமில்லை என்றால் அங்கே பச்சை விளக்கு, வெள்ளம் என்றால் சிவப்பு.

பேட்டரிதான் வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது.

"என் வாழையைவிட உன் கருவிதாம்லே அதிகமா குடிக்குது!" என்று அண்ணாச்சி சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கருவி ஒரு மணி நேரம் தூங்கி, ஒரு நிமிடம் மட்டும் விழிக்கும்படி மாற்றினேன்.

ஐப்பசியில் ஒரு மதியம், பாலத்தைக் கடக்கும்போது ஆறு செந்நிறமாய் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் அறைக்கு ஓடினேன். விளக்கு பச்சை.

"அண்ணாச்சி எங்க மதினி?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"பச்சைதான எரியுதுன்னு, மோட்டார் குழாயைக் கழட்ட ஆத்துல இறங்கிட்டாவ."

அது கருவி தூங்கப்போகுமுன் சொன்ன பச்சை. மறுபடி அளக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். தூங்கும் கருவிக்கு எப்படிக் கேட்கும்? ஆற்றுக்கு ஓடினேன்.

இடுப்பளவு நீரில் குனிந்து அவர் திருகிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஏறுங்க!"

"பச்சைதாம்லே எரிஞ்சுது!"

"அது பழைய பச்சை!"

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கரையேறிய மறுகணம் குழாயை ஆறு கொண்டுபோனது.

"குழாய் போனா போகுது. நீ ஏம்லே அழுத?" என்றார்.

அன்றே, கருவி தூங்கும்போது விளக்கும் அணையும்படி செய்துவிட்டேன். ஆனால் ஒன்று இன்றும் உறுத்துகிறது. பேட்டரி மாதக்கணக்கில் வரும் என்று அவரிடம் பெருமையடித்த நான், அது தூங்கித்தான் மிச்சம் பிடிக்கிறது என்று சொல்லவே இல்லை.